ஓட்டுக் கேஸ்

சிறையில் பெண்கள் கொட்டடியில் காவல் பார்த்தவளை உள்ளே இருந்தவர்கள் வார்டரம்மா என்று கூப்பிட்டார்கள். வீட்டில் அவள் பெரியவள். தலையில் நரை விழுந்த பிறகும் அம்மாவின் வாயில் அவள் பெரியவள்தான், தங்கை சின்னவள்தான். அப்பா போன பிறகு சின்னவளை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் அவள். சின்னவளுக்குப் பிறந்ததிலிருந்தே மூச்சு இழுப்பு. பனி விழுந்தால் இழுக்கும், தூசி பறந்தால் இழுக்கும், பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் இழுக்கும். இழுப்புக்காரியை யார் கட்டிக்கொள்வார்கள்? பார்க்க வந்தவர்களெல்லாம் காபியைக் குடித்துவிட்டுப் போனார்களே தவிர திரும்பி வரவில்லை. அவள் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டாள். முன்னறையில் மேசை போட்டுத் தெருக்காரர்களின் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொடுத்தாள். கரிப்பெட்டியின் புகை ஆகாதென்று, பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அக்காள் புருஷன் கரண்டுப் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தான்.

தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். ஓட்டுப் போடும் நாளன்று காலையில் கட்டிலில் படுத்தபடி புலம்ப ஆரம்பித்தாள்.

"என் அட்டையையும் எடுத்துட்டுப் போயேண்டி சின்னவளே. பொறந்ததுலேருந்து நான் ஓட்டுப் போடாம இருந்ததே இல்ல."

"பொறந்ததுலேருந்தாம்மா? தொட்டில்லேருந்து போய்க் குத்தினியா?"

"வாய் மட்டும் நீளுது. என் மூஞ்சிய உரிச்சுத்தானே உனக்கு வச்சிருக்கு? எவன் கண்டுபிடிக்கப் போறான்? சும்மா கெடந்து வீணாப்போற ஓட்டு."

சின்னவள் போனாள். முதலில் அம்மாவின் ஓட்டைப் போட்டாள். பிறகு, கோயிலில் அம்மாவுக்கு ஒரு தீபமும் தனக்கு ஒரு தீபமும் ஏற்றுகிற மாதிரி, மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றாள். விரலில் மை ஈரம் காயவில்லை. அதிகாரி கையைப் பிடித்துக்கொண்டபோது கூட அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. "அது எங்கம்மாவோடது சார், இதுதான் என்னோடது" என்று விளக்கமாகச் சொன்னாளாம். சொன்னதையே வாக்குமூலமாக எழுதிக்கொண்டார்கள்.

முன்பென்றால் நாலு திட்டு திட்டி விரட்டியிருப்பார்கள். ஆனால் புதுச் சட்டம் வந்திருந்தது. கள்ள ஓட்டு என்றால் குறைந்தது ரெண்டு வருஷம் உள்ளே. தீர்ப்பு வரும்வரை ஜாமீன் கிடையாது. சட்டசபையில் அது நிறைவேறினபோது ரெண்டு கட்சிக்காரர்களும் ஒன்றாக மேசையைத் தட்டியதை டிவியில் காட்டினார்கள். வார்டரம்மாவும் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தாள். இத்தனை பேரைக் கொண்டுவந்து எங்கே படுக்க வைப்பது, யார் காவல் நிற்பது என்று அந்த மேசைகளைத் தட்டினவர்கள் யாரும் கேட்கவில்லை. அவளுக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை.

தேர்தல் முடிந்த வாரத்திலேயே வந்து குவிய ஆரம்பித்தார்கள். மாமியார் ஓட்டைப் போட்ட மருமகள்கள், செத்துப்போன அக்காவின் அட்டையோடு போனவர்கள், யாரோ பிரியாணிப் பொட்டலம் கொடுத்துக் கூட்டிப்போய் நிறுத்திய கிழவிகள். பொட்டலம் கொடுத்தவன் ஒருத்தனும் வரவில்லை. "போட்டவங்கள்லாம் இங்க, வாங்கினவங்கள்லாம் சட்டசபையில" என்று உள்ளே ஒரு கிழவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். முதலில் மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு இடம் போதாமல் ராத்திரியில் முறை வைத்துப் படுக்கவேண்டி வந்தபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பாதி படுத்திருக்கும்போது மறு பாதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருத்தி திரும்பிப் படுத்தால் வரிசையே திரும்ப வேண்டும்.

சின்னவளைக் கொண்டுவந்த அன்றே வார்டரம்மா சூப்பிரண்டு அறைக்குப் போய் நின்றாள்.

"ஐயா, புதுசா வந்ததுல ஒருத்தி என் கூடப் பொறந்தவ. என்னை வேற எங்கயாவது மாத்திடுங்க."

சூப்பிரண்டு வேலையில் ஊறினவர், கெட்டவரில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "மாத்தறதுக்கு ஆள் வேணுமேம்மா. மேல எழுதிக் கேட்டா, சட்டம் போட்டாச்சு, ஆள் போடறதுக்குப் பணம் ஒதுக்கலங்கறான். நீ அங்கயே இரு. ஆனா ஒண்ணு. தங்கச்சின்னு ஒரு டம்ளர் தண்ணி கூடக் கொடுத்தேன்னு என் காதுல விழக்கூடாது. விழுந்தா நானே உன்னை உள்ள தள்ள வேண்டியிருக்கும்."

அந்தச் சொல் வார்டரம்மாவின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து கொட்டடியிலேயே அதிகத் திட்டு வாங்கினது சின்னவள்தான். ஜன்னலோரம் காற்றுக்காகப் போய் உட்கார்ந்தால், "ஏய், உன் முறையா அது? எந்திரி" என்பாள். சின்னவள் மறுபேச்சில்லாமல் எழுந்து வருவாள். மற்ற பெண்கள், "ஏன் வார்டரம்மா, அந்த இழுப்புக்காரி மேல மட்டும் இத்தனை கடுப்பு?" என்று கேட்டார்கள். ஒரே முகச்சாடையைக் கண்டு பிறகு அவர்களே புரிந்துகொண்டார்கள்.

வீட்டுக்குப் போனால் அம்மா கட்டிலிலிருந்து தலையைத் தூக்குவாள்.

"சின்னவ மூச்சு விடறாளா?"

"விடறாம்மா."

"மருந்து?"

"கம்பவுண்டர் கொடுக்கறார்."

"என் ஓட்டுக்கு என்னைப் புடிச்சு உள்ள போடச் சொல்லேண்டி. நான்தானே அனுப்பினேன்? இங்க படுத்துக் கெடக்கிறதை அங்க வந்து படுத்துக் கெடக்கறேன்."

"அங்க படுக்க இடமில்லம்மா" என்பாள் பெரியவள். கிண்டலாகச் சொல்வதாக அம்மா நினைத்துக்கொண்டாள்.

வெயில் காலம் பிறந்ததும் நிலைமை இன்னும் கெட்டது. தொட்டி பாதி நாளுக்கு மேல் தாங்கவில்லை. லாரித் தண்ணீர் வந்ததும் பெண்கள் குடம் குடமாகச் சுமந்து கொட்டடிக்குக் கொண்டுபோனார்கள். சமையல்கட்டில் அத்தனை பேருக்குக் காஸ் கட்டுப்படியாகவில்லை. அந்த வருஷத்துக்கான காஸ் பாதி வருஷத்திலேயே தீர்ந்துவிட்டதென்று, பெண்கள் கொட்டடிக்குப் பின்னால் சுவரோரம் விறகடுப்பு மூட்டினார்கள். பச்சை விறகு. எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கொட்டடிக்குள் ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாது. "அடுப்பைத் தள்ளி வையுங்க ஐயா" என்று வார்டரம்மா கேட்க நினைத்து, கேட்காமலே இருந்தாள். தங்கச்சிக்காகக் கேட்கிறாள் என்று ஆகிவிடும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளைத்தாச்சி இருந்தாள். சட்டை தைக்கிற கம்பெனியில் வேலை. ஓட்டர் லிஸ்டில் பிறந்த ஊரிலும் பெயர் இருந்தது, வாக்கப்பட்ட ஊரிலும் பெயர் சேர்ந்திருந்தது. காலையில் இங்கே போட்டுவிட்டு, மை விழுந்த விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு, சாயங்காலம் அப்பா வீட்டுப் பக்கம் பஸ் ஏறி அங்கேயும் போட்டுவிட்டாள். "ரெண்டு வீட்டுக்கும் நல்லவளா இருக்கலாம்னு பார்த்தேன்" என்பாள் சிரித்துக்கொண்டே. முதல் பிள்ளை. எல்லாரும் பிள்ளைத்தாச்சி பிள்ளைத்தாச்சி என்று கூப்பிட்டதில் அதுவே அவள் பெயராகிவிட்டது. அவளுக்கு மட்டும் முறை இல்லாமல் படுக்க இடம் விட்டார்கள். அவளுக்குப் பக்கத்தில் சின்னவள் உட்கார்ந்துகொள்வாள். இழுப்பு அதிகமாகிற ராத்திரிகளில் பிள்ளைத்தாச்சி எழுந்து அவள் முதுகைத் தடவிவிடுவாள். "என் புள்ள உதைக்குது பாரு, உன் சத்தத்துல அதுக்குத் தூக்கம் போச்சு" என்று வம்புக்கு இழுப்பாள். குடம் தூக்காதே என்று எத்தனை பேர் சொன்னாலும் கேட்கமாட்டாள். "நான் குடிக்கறதை நான் தூக்கக் கூடாதா?"

அன்றைக்கு விடிந்ததிலிருந்தே அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாள் இன்னும் இருந்தது. சூட்டு வலியாக இருக்கும் என்று கிழவிகள் சொன்னார்கள். உச்சி வெயில் ஏறினபோது அவள் உட்கார்ந்த இடத்தில் ரத்தம் தெரிந்தது. கிழவி ஒருத்தி கம்பிக்கதவுக்கு ஓடிவந்து கத்தினாள். அதே நேரத்தில் காற்று திரும்பி, சமையல் புகை முழுக்கக் கொட்டடிக்குள் இறங்கியது.

வார்டரம்மா கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். ரத்தத்தைப் பார்க்கத்தான் ஓடினாள். ஆனால் வாசல்படி தாண்டியதுமே அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. துருப்பிடித்த கீல் திறக்கிற மாதிரி ஒரு சத்தம். சின்ன வயதில் எத்தனையோ முறை பக்கத்தில் படுத்து அவள் கேட்ட சத்தம். அது எவ்வளவு தூரம் போனால் திரும்பும், எங்கே போனால் திரும்பாது என்று அவள் காதுக்குத் தெரியும். சின்னவள் சுவரில் கையை ஊன்றி நின்றாள். கழுத்து நரம்பு புடைத்து, உதடு நீலம் பாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை.

கம்பவுண்டர் பையோடு வந்தார். டாக்டரை இப்போது மூன்று சிறைகளுக்குப் பங்கு போட்டிருந்தார்கள். அன்று அவர் முறை இங்கே இல்லை. ஆக்சிஜன் சிலிண்டர் காலியாகி, நிரப்பிவரப் போயிருந்தது. கம்பவுண்டர் ரெண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ரெண்டுமே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இங்க வச்சுக்க முடியாது."

சிறையின் வேன் ஓட்டுக் கேஸ்காரர்களை ஏற்றிக்கொண்டு கோர்ட்டுக்குப் போயிருந்தது. மற்றப் பெண் வார்டர்கள் எல்லாரும் அதோடு போய்விட்டார்கள். கொட்டடியில் மிச்சமிருந்தது வார்டரம்மாவும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணும்தான். சூப்பிரண்டு தன் ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தச் சொன்னார்.

"ஐயா, ரெண்டு பேரையும் ஏத்திடலாம்" என்றாள் வார்டரம்மா.

"எங்கம்மா கொண்டு போவே? பிரசவ ஆஸ்பத்திரி ஊருக்கு அந்தக் கோடி, பெரியாஸ்பத்திரி இந்தக் கோடி. பொம்பளைக் கைதிக்குப் பொம்பளைக் காவல் இல்லாம கேட்டைத் தாண்ட முடியாது. நீங்க ரெண்டு பேரும் போயிட்டா இத்தனை பேருக்கு யாரு? போன மாசம் ஒரே ஆளை ரெண்டு கைதியோட அனுப்பி ஒருத்தி ஓடிப்போய் நாங்க பட்டது போதும். ஒருத்தியை ஏத்து. அந்தப் புதுப் பொண்ணு கூடப் போகட்டும். ஜீப் திரும்பினதும் அடுத்தவளை அனுப்பலாம். யாருக்கு அவசரம்னு சீக்கிரம் சொல்லு."

கம்பவுண்டர் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளைத்தாச்சியை அனுப்பிடலாம்மா. ரத்தம் நிக்கல. இழுப்புக்கு என்கிட்ட ஒரு ஊசி இருக்கு, போட்டுப் பார்க்கறேன்."

"போட்டுப் பார்க்கறீங்களா?"

"கேக்கலாம், கேக்காமலும் போகலாம். நான் பொய் சொல்லலை."

பிள்ளைத்தாச்சியை ரெண்டு பேர் கைத்தாங்கலாக வாசல்வரை கூட்டிவந்துவிட்டார்கள். அவள் வார்டரம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "கொஞ்சம் பயமா இருக்கு வார்டரம்மா" என்றாள். அதில் சந்தேகம் எதுவும் இல்லை. தன்னைத்தான் அனுப்பப்போகிறார்கள் என்றே அவள் நினைத்திருந்தாள். அங்கே நின்ற எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். இத்தனை மாதம் ஜன்னலோரத்தைக் கூடத் தங்கைக்குக் கொடுக்காதவள் ஆயிற்றே.

உள்ளேயிருந்து அந்தச் சத்தம் ஒருமுறை வந்தது. அடுத்தது வரவேண்டிய நேரத்தில் வரவில்லை.

"இழுப்புக்காரியை ஏத்துங்க" என்றாள் வார்டரம்மா.

கம்பவுண்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஏத்துங்கன்னு சொல்றேன்ல!" என்று அவள் கத்திய கத்தலில் புதுப் பெண் உள்ளே ஓடினாள். சின்னவளைத் தூக்கிவந்து ஜீப்பில் போட்டார்கள். கண் செருகியிருந்தது. பிள்ளைத்தாச்சி வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜீப் போவதைப் பார்த்தாள். அப்படியே மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

ஜீப் திரும்பி வரவில்லை. பெரியாஸ்பத்திரியில் கைதியைச் சேர்க்கக் கையெழுத்துப் போடும் அதிகாரியைத் தேடி அந்தப் புதுப் பெண் மாடிக்கும் கீழுக்கும் அலைந்துகொண்டிருந்தாள்; அதுவரை ஜீப்பும் அங்கேயே நின்றது. போன் போட்டு வரவழைத்த ஆம்புலன்ஸ் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது; கூடப்போகக் காவலுக்கு ஆள் இல்லை. வார்டரம்மா சாவியைக் கழற்றிச் சூப்பிரண்டின் மேசைமேல் வைத்தாள். "நானே போறேன் ஐயா. கொட்டடி எப்படியோ போகட்டும்." அவர் சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரி, போ" என்றார். ஆனால் அவள் திரும்பி ஓடிவந்தபோது கிழவிகள் சேலையைச் சுற்றிலும் பிடித்து மறைப்புக் கட்டியிருந்தார்கள். இனிமேல் நகர்த்தக் கூடாது என்று கம்பவுண்டர் கையை ஆட்டினார்.

வார்டரம்மா உள்ளே போய்ப் பிள்ளைத்தாச்சியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இவளுடைய கையை நெரித்தாள். நகம் பதிந்து ரத்தம் கசிந்தது. புகை இன்னும் அடங்கவில்லை. யாரோ தட்டால் விசிறினார்கள். குழந்தை வந்தது. ஆண். கம்பவுண்டர் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார், வாயில் வாய் வைத்து ஊதினார், மறுபடி தட்டினார். கொட்டடி முழுக்க ஒரு அழுகைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அது அழவேயில்லை.

சாயங்காலம் வேன் திரும்பியதும் பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். சின்னவளும் பிழைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனதும் அம்மா வழக்கம்போலக் கேட்டாள். "சின்னவ மூச்சு விடறாளா?"

"விடறாம்மா" என்றாள் பெரியவள். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். புருஷன் வந்து குழாயை மூடினான். நடந்ததை அவனிடம் சொன்னாள். அவன் கையிலிருந்த கிரீஸை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

"அப்படிச் சொல்லாதீங்க. யாராவது என்னைத் திட்டுங்களேன்."

மறுநாள் அவளே சூப்பிரண்டின் முன்னால் போய் நின்றாள்.

"கம்பவுண்டர் பிள்ளைத்தாச்சியைத்தான் அனுப்பச் சொன்னார் ஐயா. நான்தான் மாத்தினேன். தங்கச்சிங்கறதால மாத்தினேன். எழுதிக்கோங்க. என்னை வேலையை விட்டு எடுங்க, உள்ள தள்ளுங்க, என்ன வேணா பண்ணுங்க."

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"உன்னை எடுத்துட்டு அந்தக் கொட்டடியை யாரு பார்க்கறது? என் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்து நிறுத்தட்டுமா? அந்தப் புதுப் பொண்ணு நேத்து ராத்திரியே வேலை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டா. இன்னொரு வண்டி ஓட்டுக் கேஸ் நாளைக்கு வருதாம்."

"ஐயா, நீங்கதானே சொன்னீங்க, உள்ள தள்ளுவேன்னு…"

"சொன்னேன். குறைப்பிரசவம்னு எழுதியாச்சு. போ. போய்க் கதவைத் திற, தண்ணி லாரி வந்திருக்கு."

அவள் போய்க் கதவைத் திறந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியிலிருந்து கொட்டடிக்கே திரும்பி வந்தார்கள். பிள்ளைத்தாச்சியை எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. பழைய பேரைச் சொல்ல முடியவில்லை. அவளுடைய உண்மையான பேரை யாரும் கேட்டு வைத்திருக்கவில்லை. "ஏம்மா", "இந்தாம்மா" என்றார்கள். சோறு வாங்கக்கூட அவள் தானாக எழுந்து வருவதில்லை. யாராவது தட்டை எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்தால் ரெண்டு வாய் தின்றாள். குடம் மட்டும் தூக்கினாள். இப்போது யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

சின்னவளுக்கு விஷயத்தை யார் சொன்னார்களோ தெரியாது. ஒருநாள் லாரித் தண்ணீர் பிடிக்கும்போது வார்டரம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா."

உள்ளே வந்தபின் அந்தச் சொல்லை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

"வரிசையில நில்லு."

"கம்பவுண்டர் அவளைத்தான் அனுப்பச் சொன்னாராமே? நிஜமா?"

வார்டரம்மா தண்ணீர்க் குழாயைப் பார்த்தாள். "நிஜந்தான்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"உனக்குப் பேச்சே வரலடி."

"தலையாட்டியிருப்பேன்ல?"

"எப்படி ஆட்டியிருப்பே?"

சின்னவள் குடத்தை நிமிர்த்தி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அதுதான்க்கா எனக்குத் தெரியல. தினம் ராத்திரி யோசிக்கறேன், தெரியல. கேட்டிருந்தியானா தெரிஞ்சிருக்கும்."

அவள் போன பிறகு குடங்கள் நிரம்பி வழிந்ததை வார்டரம்மா கவனிக்கவில்லை. பின்னால் நின்றவள் கத்திய பிறகுதான் குழாயை நகர்த்தினாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, கதவைத் திறந்தபோது அந்தப் பெண் கம்பியை ஒட்டி நின்றிருந்தாள். அவளுடைய ரவிக்கை நனைந்திருந்தது. பால் இன்னும் வற்றவில்லை. வார்டரம்மாவின் கண் அங்கே போய், உடனே தரைக்கு இறங்கியது.

"வார்டரம்மா, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லும்மா. என்ன வேணும்? எது வேணாலும் கேளு."

"உங்க தங்கச்சியை வேற ரூமுக்கு மாத்துங்க."

வார்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. தூக்கமில்லாமல் குழிவிழுந்த கண்ணும், வெடித்த உதடும்தான் இருந்தன.

"அவ மேல எனக்கு ஒண்ணும் இல்ல. பாவம், அவ என்ன பண்ணுவா. ராத்திரியில அவ மூச்சு விடற சத்தம் கேக்குது. என்னால தாங்க முடியல. அவ்வளவுதான். மாத்திடுங்க."

வார்டரம்மா கொட்டடிக்குள்ளே பார்த்தாள். முந்தின நாள் வந்த புது ஆட்கள் கக்கூஸ் வாசல்வரை உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துக் கொட்டடியும் அப்படித்தான். பழைய சாமான் கிடங்கையும் ஒழித்து ஆளைப் போட்டாயிற்று. எங்கே என்று யோசிக்கிற மாதிரி அவள் சும்மா ஒருமுறை நாலா பக்கமும் பார்த்தாள்.

"வேற ரூம் இல்லம்மா" என்றாள்.

அந்தப் பெண் தலையை மட்டும் அசைத்தாள். தெரிந்துதான் கேட்டிருக்கிறாள் போல. திரும்பி, படுத்திருந்தவர்களின் கால்களைத் தாண்டித் தாண்டித் தன் இடத்துக்குப் போய் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துப் படுத்துக்கொண்டாள்.

சின்னவள் அடுத்த வரிசையில்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பேசினது முழுக்க அவள் காதில் விழுந்திருந்தது. விறகடுப்புப் புகை அப்போதுதான் உள்ளே வர ஆரம்பித்திருந்தது. அக்காவை அவள் பார்க்கவில்லை. முந்தானையைச் சுருட்டி வாயிலும் மூக்கிலும் வைத்து, ரெண்டு கையாலும் இறுக்கி அழுத்திக்கொண்டாள். தோள் மட்டும் ஏறி ஏறி இறங்கியது. சத்தம் வரவில்லை.